ஜாடிக்கு என்ன வருத்தம்?

சென்ற வாரம் ஓர் ஆங்கிலக் கதையைப் படித்துக்கொண்டிருந்த என் தங்கையின் மகள், புத்தகத்தை அப்படியே என் முன்னே நீட்டி, "பெரியம்மா, இந்தப் பையன் ஜாடியை அப்செட் பண்ணிட்டான்னு போட்டிருக்கு. ஜாடிக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டாள். மேசையின் மறுபக்கம் இருந்த தண்ணீர் ஜாடியை எடுக்கக் கை நீட்டிய சிறுவன், முழங்கை பட்டு அதைக் கவிழ்த்துவிடுகிறான் என்பதுதான் கதையில் வரும் செய்தி. அவளிடம் அதைச் சொன்னேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அப்போ ஸ்பில் பண்ணிட்டான்னு எழுதியிருக்கலாமே?" என்றாள். முதல் கேள்விக்கு அகராதியே விடை சொல்லிவிடும். இரண்டாவது கேள்வி என்னை ஒரு வாரமாக விடவில்லை. பல ஆண்டுகளாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துவருகிற நான், ஊற்றுதல், சிந்துதல், கவிழ்த்தல் ஆகியவற்றுக்கான ஆங்கில வினைகளை எத்தனை முறை மேலோட்டமாகக் கடந்துபோயிருக்கிறேன் என்பதை அது நினைவுபடுத்தியது.

அவளுக்கு நான் கடைசியில் சொன்ன விடை இதுதான்: 'ஸ்பில்' என்ற வினையின் கண் நீரின் மேல் இருக்கிறது, 'அப்செட்' என்ற வினையின் கண் ஜாடியின் மேல் இருக்கிறது. ஒரு சொட்டு நீர்கூட இல்லாத ஜாடியையும் 'அப்செட்' செய்ய முடியும், ஆனால் வெறும் ஜாடியை எவராலும் 'ஸ்பில்' செய்ய முடியாது. அதேபோல, ஜாடி கையில் நேராக இருக்கும்போதே, நடக்கிற வேகத்தில் அதிலிருந்து நீர் 'ஸ்பில்' ஆகலாம். அங்கே எதுவும் கவிழவில்லை. இந்த வகை வினைகள் அனைத்தையும் படிக்கும்போது முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, அந்த வினை எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதே: உள்ளே இருக்கும் பொருளையா, அதைத் தாங்கும் கலத்தையா, எல்லாம் முடிந்தபின் எஞ்சும் நிலையையா?

இதைச் சோதித்துப் பார்ப்பதற்காகவே ஒரு கண்ணாடிக் குவளையில் முக்கால் அளவு நீர் எடுத்துக்கொண்டு மேசை முன் உட்கார்ந்தேன். அடியைப் பிடித்து மெல்லத் தூக்கினால் குவளை சாய்கிறது, நீர்ப்பரப்போ சாயாமல் மட்டமாகவே நிற்கிறது. குவளையின் ஒரு பக்கம் மட்டும் நீர் விளிம்பை நோக்கி ஏறிவருகிறது. இதுவரை நடந்தது 'டில்ட்'. இன்னும் கொஞ்சம் சாய்த்தால் நீர் விளிம்பைத் தாண்டுகிறது, ஆனால் நேராகக் கீழே விழாமல், விளிம்பின் அடிப்பக்கமாக மடங்கி, குவளையின் வெளிச்சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிந்து மேசைக்கு வருகிறது. இந்தக் குணத்தை மார்கஸ் ரெய்னர் என்ற அறிவியலாளர் 1956இல் 'டீபாட் எஃபெக்ட்' என்று பெயரிட்டு எழுதினார். ஆங்கிலத்தில் இதற்குரிய அன்றாட வினை 'டிரிபில்'. சட்டென்று கூடுதலாகச் சாய்த்தால் நீர் சுவரை விட்டுப் பிரிந்து, வளைந்த ஒரே தாரையாக விழுகிறது. இப்போதுதான் அது 'போர்'. கையை விட்டுவிட்டு, மேசையில் நிற்கும் குவளையின் மேல்விளிம்பை விரலால் தள்ளினால், ஒரு குறிப்பிட்ட சாய்வு வரை அது திரும்பி நிமிர்ந்துவிடுகிறது. எடையின் மையம் அடிப்பாகத்தின் எல்லையைத் தாண்டிய அந்தக் கணத்தில் இனி நிமிராது என்று ஆகிவிடுகிறது. அதுவே 'டிப் ஓவர்'. குவளை மேசையில் படுத்துக்கிடக்கும் நிலை 'ஓவர்டர்ன்' அல்லது 'அப்செட்'. மேசை முழுவதும் பரவிய நீர் 'ஸ்பில்'. இரண்டு மூன்று நொடிகளுக்குள் ஆறேழு வினைகள் வந்துபோய்விட்டன.

தமிழில் இதைச் சொல்ல நமக்குச் சொற்பஞ்சம் கிடையாது. சாய்த்தல், வழிதல், ஊற்றுதல், வார்த்தல், கவிழ்தல், கொட்டுதல், சிந்துதல், தளும்புதல், சரிதல், உருளுதல் என்று கைக்கெட்டும் தூரத்திலேயே ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. சிக்கல் எண்ணிக்கையில் இல்லை. எல்லைக்கோடுகள் வேறு வேறு இடங்களில் போடப்பட்டிருப்பதில் இருக்கிறது.

'போர்' என்பதையே எடுத்துக்கொள்வோம். (தமிழ் எழுத்தில் எழுதினால் அது சண்டையாகவும் வைக்கோற்குவியலாகவும் தெரிவதைத் தவிர்க்க முடியவில்லை; ஆங்கிலத்திலும் அதற்கு இதே தொல்லை உண்டு, புத்தகத்தின் மேல் கண்ணை ஊன்றிப் படிப்பதைக் குறிக்கும் வேறொரு சொல் இதே ஒலியோடு வருவதால், அங்கே பிறந்து வளர்ந்தவர்களே புத்தகத்தின் மேல் எதையோ ஊற்றுவதுபோல எழுதிவிடுகிறார்கள்.) ஊற்றுதல் என்று நாம் உடனே எழுதிவிடுகிறோம், ஆனால் ஆங்கிலத்தில் நீரை மட்டுமின்றி மணலையும் சர்க்கரையையும் தானியத்தையும் 'போர்' செய்யலாம். அந்த வினைக்கு வேண்டியது ஈரம் அன்று, தொடர்ச்சி. துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு அறுபடாத ஓட்டமாக விழுமானால் அது போதும். தமிழில் ஊற்றுவதற்குப் பொருள் நீர்மமாக இருந்தாக வேண்டும். மணலை ஊற்றினான் என்று ஒரு குழந்தைகூடச் சொல்லாது. மணலைக் கொட்டுகிறோம். நீரையும் கொட்டலாம், மழையும் கொட்டும், ஆனால் கொட்டுதலில் ஊற்றுதலில் இருக்கும் பக்குவம் இல்லை. ஒரே தடவையாக, இலக்கைப் பற்றிய அக்கறை குறைவாக நடப்பது அது. ஆகையால் 'போர்' வருமிடத்தில் எல்லாம் முதலில் பொருளைப் பார்த்து, பிறகுதான் தமிழ் வினையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. உருக்கிய உலோகம் என்றால் ஊற்றுவதைவிட வார்ப்பதே பொருத்தம்: வார்ப்பு, வார்ப்படம், வார்ப்பிரும்பு என்று ஒரு தொழிலின் சொற்கள் முழுவதையும் அந்த வினை தந்திருக்கிறது. ஆங்கிலமோ அந்த இடத்தில் 'காஸ்ட்' என்கிறது. எறிதல் என்பதே அதன் மூலப் பொருள். அச்சுக்குள் போகும் உலோகம் நமக்கு வார்க்கப்படுகிறது, அவர்களுக்கு எறியப்படுகிறது. ஒருவர் மனத்தில் உள்ளதை எல்லாம் வெளியே சொல்வதை ஆங்கிலம் 'போர் அவுட்' என்னும்போது, நாம் கொட்டித் தீர்த்தார் என்போம். ஊற்றித் தீர்த்தார் என்றால் எவருக்கும் விளங்காது. மேடையில் ஒருவர் பேசுவதை மட்டும் சொற்பொழிவு என்று மழையின் வினையால் சொல்லிவைத்திருக்கிறோம். அதை எப்போது எழுதினாலும் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

இலக்கணம் சார்ந்த ஒரு வேறுபாடு இங்கே இருக்கிறது, நம்மில் பலர் ஆங்கிலத்தில் தடுமாறுவதும் இந்த இடத்தில்தான். நீரைக் குவளைக்குள் 'போர்' செய்யலாம்; குவளையை நீரால் 'போர்' செய்ய முடியாது. 'ஃபில்' என்ற வினைக்கு இது நேர்மாறு: குவளையை நீரால் 'ஃபில்' செய்யலாம், நீரைக் குவளைக்குள் 'ஃபில்' செய்வது அந்த மொழியின் காதுக்கு உறுத்தும். முதல் வினை நீர் எப்படி நகர்கிறது என்பதை மட்டும் சொல்கிறது, குவளை நிரம்பியதா இல்லையா என்பது அதற்குத் தேவையில்லை. இரண்டாவது வினை குவளையின் இறுதி நிலையை மட்டும் சொல்கிறது. நீர் ஊற்றப்பட்டதோ, குழாயிலிருந்து வந்ததோ, மழையில் தானே சேர்ந்ததோ, அதற்கு ஒன்றுதான். தமிழில் குடத்தை நீரால் நிரப்பினாள் என்பதும் சரி, குடத்தில் நீரை நிரப்பினாள் என்பதும் சரி. அதனால்தான் நம் ஆங்கிலத்தில், பாட்டிலில் தண்ணீரை 'ஃபில்' பண்ணு என்பதன் நேர் வடிவம் இயல்பாக வந்துவிடுகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கற்கும் சின்னஞ்சிறு குழந்தைகளும் இதே பிழையைச் செய்கிறார்கள் என்பதை மொழியறிஞர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 'எம்ப்டி' மட்டும் தாராளமானது. வாளியையும் அதனால் காலி செய்யலாம், வாளியிலுள்ள நீரையும் அதனால் வெளியேற்றலாம். ஆங்கில வினைகளை அவற்றின் நடத்தையை வைத்து வகுத்து பெத் லெவின் 1993இல் வெளியிட்ட நூலில், 'போர்' வினைகளுக்கென்றே ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. 'டிரிப்', 'டிரிபில்', 'ஸ்லாஷ்', 'ஸ்பில்' ஆகியவை அதற்குள் அடங்கும். பொருளில் எவ்வளவு வேறுபட்டாலும், எல்லாமே நீரைப் பார்ப்பவை, கலத்தைச் செயப்படுபொருளாக ஏற்காதவை என்பதால் ஒரே வீட்டில் இருக்கின்றன.

'ஸ்பில்' என்ற சொல்லின் பழைய வாழ்வு எனக்கு வியப்பைத் தந்த ஒன்று. பழைய ஆங்கிலத்தில் அதற்கு அழித்தல், கொல்லுதல் என்று பொருள். காப்பாற்றுவதற்கு எதிர்ச்சொல்லாக அது நெடுங்காலம் வழங்கியது. கொலையிலிருந்து குருதிக்கும், குருதியிலிருந்து எந்த நீர்மத்துக்கும் பொருள் விரிந்து, இன்றைக்குச் சிந்திய பாலுக்கு அழுது பயனில்லை என்ற பழமொழி வரை வந்து நிற்கிறது. ஆயினும் பழைய வாடை முழுவதும் போய்விடவில்லை. அந்தச் சொல்லில் எப்போதும் ஓர் இழப்பு இருக்கிறது, பெரும்பாலும் ஒரு தவறும் இருக்கிறது. வேண்டுமென்றே ஒருவர் அதைச் செய்தார் என்று காட்ட வேண்டுமானால், 'வேண்டுமென்றே' என்ற சொல்லைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. கடலில் கலந்த எண்ணெய்க்கு 'ஆயில் ஸ்பில்' என்று பெயர் வைத்திருப்பதில்கூட, எண்ணெய் வெளியே வந்தது என்பதோடு, வந்திருக்கக் கூடாது என்பதும் அடங்கியிருக்கிறது. எண்ணெய்க் கசிவு என்று நாம் எழுதும்போது அந்த இரண்டாவது பாதி காணாமல் போகிறது. கசிதல் துளித்துளியாக நடப்பது, ஒரு கப்பல் உடைந்து கடலில் பரவும் எண்ணெயைக் கசிவு என்பது என் காதுக்கு எப்போதும் குறைவாகவே ஒலிக்கிறது. எண்ணெய்க் கொட்டல் என்று எழுதிப் பார்த்தால் அளவு சரியாக இருக்கிறது.

நம்முடைய சிந்துதலில் குற்றச்சாட்டு இல்லை. பாலைச் சிந்தினாள் என்றால் கவனக்குறைவு. கண்ணீர் சிந்தினாள், இரத்தம் சிந்தினார்கள் என்றால் அது துயரமும் தியாகமும். ஒரே வினை. ஆங்கிலம் இந்த இரண்டாவது வேலைக்கு 'ஷெட்' என்ற தனிச் சொல்லை வைத்திருக்கிறது. அதன் மூலப் பொருள் பிரித்தல். உடலிலிருந்து பிரிந்து விழுவதால்தான் கண்ணீரும் குருதியும், மரத்தின் இலையும், பாம்பின் சட்டையும் அந்த ஒரே வினையைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. 'வாட்டர்ஷெட்' என்ற சொல்லில் மூலப் பொருள் இன்னமும் அப்படியே உறைந்திருக்கிறது: மலைமுகட்டின் இருபுறமும் மழைநீரைப் பிரித்து அனுப்பும் கோடு அது. பிறகு அமெரிக்க வழக்கில் அந்தக் கோட்டை விட்டுவிட்டு, நீர் வடிந்து சேரும் நிலப்பரப்பு முழுவதற்கும் அதே பெயர் சென்றுவிட்டது. தமிழில் நீர்வடிப்பகுதி என்று நாம் எழுதுவது அந்தப் பிந்தைய பொருளுக்குத்தான். ஒரு கருத்தின் மேல் வெளிச்சம் 'ஷெட்' செய்தார் என்று ஆங்கிலத்தில் வருவதை ஒளி பாய்ச்சினார் என்று மொழிபெயர்க்கிறோம். அவர்களுடைய ஒளி உதிர்கிறது. நம்முடைய ஒளி வயலுக்கு நீர் போவதுபோல வாய்க்கால் வழியாகப் பாய்கிறது. இதைத் திருத்த வேண்டிய தேவையே இல்லை, இரண்டும் தத்தம் இடத்தில் முழுமையானவை.

சிந்தாமல் சிதறாமல் என்று நாம் இணைத்துச் சொல்வதைக் கவனித்தால், இங்கும் பொருளின் தன்மை பார்க்கப்படுவது தெரியும். நீர்மம் சிந்தும், தானியமும் மணியும் சிதறும். ஆங்கில 'ஸ்பில்' இரண்டுக்கும் பொது. ஆகையால் பையிலிருந்து பாசிமணிகள் 'ஸ்பில்' ஆனால், அவை சிதறின என்றோ கொட்டின என்றோ எழுத வேண்டுமே தவிர, சிந்தின என்று எழுதக் கூடாது.

இனி ஜாடிக்கு வருவோம். 'அப்செட்' என்ற சொல்லைத் தமிழர்கள் ஏறக்குறைய தமிழாகவே ஆக்கிக்கொண்டுவிட்டார்கள், ஆனால் அதன் பல பொருள்களில் மனவருத்தத்தை மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். 15ஆம் நூற்றாண்டில் அந்தச் சொல் பிறந்தபோது அதற்கு நிமிர்த்தி நிறுத்துதல் என்று பொருள் இருந்தது. இன்றைய பொருளுக்கு நேர் எதிர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் படகும் வண்டியும் கவிழ்வதற்கு அது வந்தது. அதன் பின்னாலேயே மனம் நிலைகுலைவதற்கும் வந்துவிட்டது. பழைய பொருள் முழுவதும் செத்துப்போகவில்லை என்பதற்கு ஏல அறிவிப்புகளில் இன்றும் காணப்படும் 'அப்செட் பிரைஸ்' சான்று. ஏலம் தொடங்கும்போது நிறுத்திவைக்கப்படும் குறைந்தபட்ச விலை அது. கவிழ்ந்த விலை என்று எவராவது பொருள் கொண்டால் எல்லாமே தலைகீழாகிவிடும். இரும்புக் கம்பியின் நுனியைக் காய்ச்சி அடித்துக் குறுக்கிப் பருமனாக்கும் கொல்லுவேலைக்கும் 'அப்செட்' என்றே பெயர்.

விளையாட்டுச் செய்திகளில் பலம் குறைந்தவர் வெல்வதை 'அப்செட்' என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். 1919 ஆகஸ்ட் 13 அன்று நியூயார்க் மாநிலத்தின் சரட்டோகா பந்தயத்தில், 'மேன் ஓ வார்' என்ற புகழ்பெற்ற குதிரை தன் வாழ்நாளின் ஒரே தோல்வியைச் சந்தித்தது. அதை வென்ற குதிரையின் பெயர் 'அப்செட்'. அதிலிருந்துதான் இந்தப் பொருள் பிறந்தது என்று பலரும் நம்புகிறார்கள். பந்தயம் உண்மை, பெயரும் உண்மை, ஆனால் 1877லேயே ஓர் அமெரிக்க நாளிதழின் குதிரைப் பந்தயச் செய்தியில் இந்தச் சொல் இதே பொருளில் வந்துவிட்டது. அந்தக் குதிரைக்குத்தான் சொல்லின் பெயர் கிடைத்ததே தவிர, சொல்லுக்குக் குதிரையால் பொருள் கிடைக்கவில்லை.

'அப்செட்' என்ற வினையில் அளவு சிறியதாக இருக்க வேண்டும் என்ற உணர்வும் இருக்கிறது: மசிக்கூடு, குவளை, சிறு படகு, வகுத்துவைத்த திட்டம். பெரிய வண்டிக்கு 'ஓவர்டர்ன்'. உயரமும் தலைக்கனமும் உள்ள எதுவும் 'டாப்பிள்' ஆகும். அடுக்கிய புத்தகங்கள், சிலை, கோபுரம், ஆட்சி. தரையோடு கிடக்கும் தட்டு ஒருபோதும் 'டாப்பிள்' ஆகாது, ஏனென்றால் அந்த வினைக்குள் உச்சி என்ற சொல்லே ஒளிந்திருக்கிறது. கை பட்டோ வேறெதுவும் இடித்தோ விழுந்தது என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமானால் 'நாக் ஓவர்'. கப்பலுக்கும் படகுக்கும் உரியது 'கேப்சைஸ்'. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாலுமிகளின் பேச்சிலிருந்து எழுத்துக்கு வந்த இந்தச் சொல்லின் வேரைப் பற்றி ஒருமித்த கருத்து இல்லை.

கப்பல் விஷயத்தில் ஆங்கிலம் காட்டும் நுணுக்கம் பெரிது, அதை மொழிபெயர்ப்பில் தொலைத்துவிடக் கூடாது. 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோம் துறைமுகத்திலிருந்து முதல் பயணம் புறப்பட்ட 'வாசா' என்ற ஸ்வீடன் போர்க்கப்பல், ஏறத்தாழ 1,300 மீட்டர் மட்டுமே சென்ற நிலையில் காற்று வீசியதும் ஒருபக்கமாகச் சாய்ந்தது. மேற்பாகம் அதிக எடையோடு கட்டப்பட்டிருந்ததால் நிமிர முடியவில்லை. திறந்திருந்த கீழ்வரிசைப் பீரங்கித் துளைகள் வழியாக நீர் புகுந்து, கரையில் கூடியிருந்தவர்களின் கண்ணெதிரே மூழ்கியது. இதில் ஒருபக்கம் சாய்வது 'ஹீல்', பக்கவாட்டில் கவிழ்வது 'கேப்சைஸ்', நீர் நிரம்பி அமிழ்வது 'ஃபவுண்டர்', அடி சேர்வது 'சிங்க்'. கப்பல் கவிழ்ந்து மூழ்கியது என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டால், அந்தத் துயரம் எந்தப் படியில் தடுக்கப்பட்டிருக்கலாம் என்பது வாசகருக்குத் தெரியாமலே போய்விடும். பாய்மரப் படகுக்காரர்கள் இன்னும் ஒரு படி போய், படகு பக்கவாட்டில் படுத்துவிட்டால் 'கேப்சைஸ்' என்றும், பாய்மரம் நேர் கீழே தொங்க அடிப்பாகம் வானைப் பார்த்துவிட்டால் 'டர்ட்டில்' ஆகிவிட்டது என்றும் பிரிக்கிறார்கள். ஆமை எப்படி வந்தது என்றால், முற்காலத்து மாலுமிகள் கரையில் பிடித்த ஆமைகளை நகர முடியாதபடி மல்லாத்திப் போட்டுவைத்ததிலிருந்து வந்தது.

தமிழில் வண்டிக்குக் குடைசாய்தல் என்ற அழகான வழக்கு இருக்கிறது. மல்லாந்து, குப்புற, தலைகீழாக, தலைகுப்புற என்று விழுந்த பொருள் எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது என்பதையும் நாம் தனித்தனிச் சொற்களால் சொல்லிவிடுகிறோம். இந்த இடத்தில் ஆங்கிலம் 'அப்சைட் டவுன்' என்ற ஒன்றை வைத்துக்கொண்டு பெரும்பாலும் சமாளிக்கிறது. அந்தத் தொடரும் முதலில் 'அப் சோ டவுன்' என்று இருந்து, பொருள் புலப்படாமல் போனதால் மக்கள் வாயில் இப்போதைய வடிவத்துக்குத் திருத்தப்பட்டது. ஆட்சியைக் கவிழ்த்தார்கள் என்று நாம் படகின் வினையையே அரசியலுக்கும் தருகிறோம். ஆங்கிலத்தில் ஆட்சியை 'கேப்சைஸ்' செய்ய முடியாது, 'ஓவர்த்ரோ' செய்ய வேண்டும், அல்லது 'டாப்பிள்' செய்ய வேண்டும். 'த்ரோ' என்ற வினையின் பழைய பொருள் எறிதல் இல்லை, முறுக்குதலும் சுழற்றுதலும்தான். சக்கரத்தில் மண்பாண்டம் வனைவதை ஆங்கிலத்தில் இன்றும் பானை 'த்ரோ' செய்வது என்பதில் அது தங்கியிருக்கிறது. தீர்ப்பை மட்டும் 'ஓவர்டர்ன்' செய்வார்கள். அதைக் கவிழ்த்தார்கள் என்று எழுதினால் சதி நடந்ததுபோல ஒலிக்கும். ரத்து செய்தார்கள் அல்லது மாற்றினார்கள் என்பதே நம் வழக்கு.

ஊற்றுதலுக்கு ஆங்கிலத்தில் ஒரு மறைந்த குடும்பமும் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தின் சொந்த வினை 'போர்' அன்று. 'யேயோட்டன்' என்று ஒன்று இருந்தது. அது வழக்கொழிந்துவிட்டது, உருக்கி ஊற்றிய உலோகக் கட்டியைக் குறிக்கும் 'இங்காட்' என்ற சொல்லில் அதன் சாயல் எஞ்சியிருப்பதாகக் கருதுகிறார்கள். அதன் இடத்துக்கு வந்த 'போர்' எங்கிருந்து வந்தது என்பது அகராதிகளிலேயே தெளிவில்லாத ஒன்று. ஆனால் ஊற்றுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையான 'ஃபுண்டெரே' வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்த சொற்களை எண்ணினால் வியப்பாக இருக்கும். 'டிரான்ஸ்ஃபியூஷன்' என்பது ஓருடலிலிருந்து மற்றோருடலுக்கு ஊற்றுவது. 'ரீஃபண்ட்' என்பது வந்ததைத் திரும்ப ஊற்றுவது. 'ஃபியூடைல்' என்றால் எளிதில் ஒழுகிப்போவது. ஓட்டைக் கலத்தில் ஊற்றியதுபோல வீணான முயற்சி. 'கன்ஃபியூஸ்' என்றால் பலவற்றைச் சேர்த்து ஒன்றாக ஊற்றிவிடுவது. இந்தக் கடைசிச் சொல்லில் நான் நெடுநேரம் நின்றேன், ஏனென்றால் நாமும் குழப்பம், கலக்கம் என்று நீரைக் கொண்டேதான் அந்த மனநிலையைச் சொல்கிறோம். தெளிவு என்பதும் நீர் தெளிவதுதான். இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று கேட்காமலே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இலத்தீன் வினையின் வேருக்கு வடமொழியிலும் உறவு உண்டு: நெருப்பில் சொரிவதைக் குறிக்கும் வினையடியிலிருந்து பிறந்த ஓமம், ஆகுதி ஆகியவை 'ரீஃபண்ட்', 'கன்ஃபியூஸ்' ஆகியவற்றுக்குத் தொலைதூரத்து உறவினர்.

தெளிவு என்றதும், நான் செய்த ஒரு பிழையை இங்கே சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வேதியியல் செய்முறைக் கையேட்டை மொழிபெயர்த்தபோது, 'டிகேன்ட்' என்று வந்த இடத்தில் எல்லாம் ஊற்றவும் என்று எழுதிவிட்டேன். படிவு அடியில் தங்கியபின், கண்ணாடித் தண்டு ஒன்றைப் பீக்கரின் மூக்கில் ஒட்டிப் பிடித்து, மேலே தெளிந்து நிற்கும் நீரை மட்டும், அடியில் உள்ளது கலங்காதபடி, தண்டின் வழியே மெல்ல இறக்குவதற்குத்தான் அந்தச் சொல். நான் எழுதியதைப் படித்து ஒரு மாணவர் பீக்கரைக் கவிழ்த்து மொத்தத்தையும் ஊற்றியிருந்தால், அவருக்கு வேண்டிய படிவு போயிருக்கும். தமிழில் இதற்குத் தெளிய வைத்து இறுத்தல் என்ற சொல் பாடநூல்களிலேயே இருக்கிறது. மெய்ப்புப் பார்த்தவர் சுட்டிக்காட்டிய பிறகு அதைச் சேர்த்தேன். அங்கும் இறுக்கவும் என்று எழுதினால் திருகாணியை இறுக்குவதுபோல ஆகிவிடும் என்பதால், இறுத்துக்கொள்ளவும் என்று எழுத வேண்டியிருந்தது. பிற்பாடு 'டிகேன்ட்' என்ற சொல்லின் பிறப்பைத் தேடிப் பார்த்தேன். ஜாடியின் வாய்மூக்கைக் குறிக்கும் இலத்தீன் சொல்லும், அதற்கும் முன்னே கண்ணின் ஓரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் அதற்குள் இருக்கின்றன. ஜாடியின் குவிந்த விளிம்பில் யாரோ ஒருவர் ஒரு கடைக்கண்ணைப் பார்த்திருக்கிறார்.

செய்தவரின் மனத்தைத் தமிழ் எங்கே வைக்கிறது என்பதுதான் இந்த ஒரு வாரத்தில் எனக்கு மிகவும் தெளிந்த செய்தி. ஆங்கிலத்தில் 'போர்' என்றால் எண்ணிச் செய்தது, 'ஸ்பில்' என்றால் தவறிச் செய்தது. வினையை மாற்றினால்தான் மனம் மாறும். தமிழில் அதே வினையை வைத்துக்கொண்டே, கொட்டினான், கொட்டிவிட்டான், கொட்டிப்போட்டான், கொட்டித் தீர்த்தான், கொட்டிக்கொண்டான் என்று துணைவினையை மாற்றினால் போதும். அலட்சியமும் அவசரமும் கைப்பிழையும் தன்மேல் விழுந்ததும் எல்லாம் அதற்குள் வந்துவிடுகின்றன. கவிழ், கவிழ்த்து என்ற இணையில் ஒரு மெய்யெழுத்தும் ஓர் உயிர்மெய்யும் கூடினாலே, தானாக நடந்தது ஒருவர் செய்ததாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் வேறு சொல் தேட வேண்டிய இடத்தில், தமிழில் சொல்லின் வாலைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. அகராதியை மட்டும் பார்த்து மொழிபெயர்த்தால் வால் கண்ணில் படாது.

நேற்று மாலை தங்கை மகளிடம் அந்த ஆங்கில வாக்கியத்தைத் தமிழில் எழுதித் தரச் சொன்னேன். நான் எதிர்பார்த்தது, ஜாடியைக் கவிழ்த்துவிட்டான் என்ற வாக்கியம். அவள் பென்சிலை இரண்டு முறை அழித்துவிட்டு, "அவன் கை நீட்டினான். ஜாடி கவிழ்ந்தது. தண்ணீர் எல்லாம் கொட்டிப்போயிற்று" என்று எழுதினாள். ஆங்கிலத்தில் ஜாடியைக் கவிழ்த்தவன் அவன்தானே, அதை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்டேன்.

"அவனுக்குத் தாகம், பெரியம்மா. அதான் கை நீட்டினான். வேணும்னு பண்ணலையே" என்றாள்.